உவர் அழுத்தமும் நெற்பயிரின் பூக்கும் பருவமும்

முன்னுரை

மண்ணின் நிறைவுச்சாற்றில் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சு அளவைத் தாண்டினால் அது உவர்நிலம் எனப்படும். வாற்கோதுமை ஏறத்தாழ 8 டெசிசீமன்சு வரை விளைச்சல் குன்றாமல் தாங்கும். நெல்லின் விளைச்சலோ 3 டெசிசீமன்சைக் கடந்ததுமே குறையத் தொடங்குகிறது. இப்பாதிப்பு பயிரின் பருவத்திற்கேற்ப வேறுபடுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

இருகட்டப் பாதிப்பு

முதற்கட்டத்தில் மண்கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் உயர்வதால் வேர் நீரை ஈர்ப்பது கடினமாகிறது. ஈரம் இருந்தும் பயிர் வறட்சியை உணர்கிறது; இலைத்துளைகள் சுருங்க, புதிய இலைகளின் விரிவு தடைப்படுகிறது. இது உப்பு வேரைச் சூழ்ந்த உடனேயே நிகழ்வது. இரண்டாம் கட்டம் மெல்ல வருவது. நீராவிப்போக்கின் வழியே இலைகளில் சேரும் சோடியம் அயனிகள் பொட்டாசியத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டு நொதிகளின் செயலைக் குலைக்கின்றன. அதனால் முதிர்ந்த இலைகள் முதலில் காய்கின்றன.

பருவமும் தாங்குதிறனும்

நெல் முளைக்கும்போது உவரை ஓரளவு தாங்குகிறது. இளநாற்றுப் பருவத்தில் நலிகிறது. தூர்கட்டும் பருவத்தில் மீள்கிறது. கதிர் உருவாகிப் பூக்கும் பருவத்தில் மீண்டும் நலிகிறது. அப்போது மகரந்தத்தின் உயிர்ப்புத்திறன் குறைந்து, கருவுறாத பூக்கள் பதராகின்றன. எனவே பசுமையாகத் தோன்றும் வயலும் அறுவடையில் ஏமாற்றமளிக்கக்கூடும். உழவர் உரத்திற்கும் ஆட்கூலிக்கும் பெரும்பகுதியைச் செலவிட்டபின் நேரும் இழப்பு இது.

மரபியல் அடிப்படை

கேரளக் கடலோரப் பொக்காளி நெல்லின் முதலாம் குரோமோசோமில் உள்ள ‘சால்டால்’ பகுதி நாற்றுப்பருவத் தாங்குதிறனுடன் தொடர்புடையது. அப்பகுதியிலுள்ள ஒரு மரபணு, சைலக் குழாயிலிருந்து சோடியத்தை மீட்டெடுத்து இலைக்குச் செல்லாமல் தடுக்கும் கடத்திப் புரதத்தை உருவாக்குகிறது. இப்பகுதி பல உயர்விளைச்சல் இரகங்களில் சேர்க்கப்பட்டுள்ளது. எனினும் நாற்றில் காணும் தாங்குதிறன் பூக்கும் பருவத்திலும் நிலைக்கும் எனக் கொள்ள இயலாது. இவ்விரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு மரபணுக்களால் ஆளப்படுகின்றன.

முடிவுரை

நாற்றுகளை உப்புக்கரைசலில் வளர்த்துத் தேர்வது எளிது, விரைவானது. ஆயினும் அது மட்டுமே போதிய சான்றாகாது. கண்ணாடி இலையின் சோடியம்-பொட்டாசிய விகிதம், மகரந்த உயிர்ப்புத்திறன், பதர் விழுக்காடு ஆகியவற்றையும் பூக்கும் பருவத்தில் அளந்த பின்னரே ஓர் இரகத்தை உவர்நிலத்திற்குப் பரிந்துரைப்பது பொருத்தமாகும்.