பேசத் தெரியுமா இன்ஜினியருக்கு?

ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில், எங்கள் வன்னியம்பட்டி விலக்கில் காலை வேளையில் நின்று பாருங்கள். கல்லூரி பஸ்கள் வரிசையாகப் போகும். ஒரு திசையில் போனால் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம், மறு திசையில் ராஜபாளையம் ராம்கோ. தெருவுக்கு இரண்டு இன்ஜினியரிங் மாணவர்களாவது இங்கே இருப்பார்கள். அவர்களில் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடிக்கு வருகிறார்கள். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஆனால் அவர்களுக்கு நான் சொல்லித் தருவது ஜாவாவோ பைத்தானோ அல்ல. சாப்ட் ஸ்கில்ஸ் எனப்படும் மென்திறன்கள்.

சாப்ட் ஸ்கில்ஸ் என்றதும் டை கட்டுவது, கை குலுக்குவது, இங்கிலீஷில் வெளுத்து வாங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 2018 வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூவில் என் புராஜெக்ட் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மனப்பாடம் செய்திருந்த மூன்று வாக்கியங்களை ஒப்பித்தேன். எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே, “சரி, இதை யாருக்காகச் செய்தீர்கள்?” என்று கேட்டார். கோடிங் முழுவதும் நானே எழுதியது. இருந்தும் வாயைத் திறக்க முடியவில்லை. வேலை கிடைக்கவில்லை. இங்கிலீஷ்தான் காலை வாரியது என்று பல மாதங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

இந்தப் பெயர் வந்த கதை சுவையானது. ‘சாப்ட் ஸ்கில்ஸ்’ என்ற சொல்லைப் பரப்பியது கல்லூரி அல்ல, அமெரிக்க ராணுவம். இயந்திரங்களோடு செய்யும் வேலைக்கான திறமைகள் ஒரு வகை. மனிதர்களோடும் காகிதங்களோடும் செய்யும் வேலைக்கானவை இன்னொரு வகை என்று பிரித்து, 1972-ல் இதற்காக ஒரு மாநாடே நடத்தினார்கள். நம் ஊரில் இந்தப் பேச்சு சூடு பிடித்தது 2005-ல். ஐ.டி. துறையில் வேலைக்கு எடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்கள் நம் இன்ஜினியரிங் பட்டதாரிகளில் நான்கில் ஒருவர்தான் என்று நாஸ்காம் - மெக்கின்ஸி அறிக்கை சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே இன்போசிஸ் நிறுவனம் கல்லூரிகளுக்காக ‘கேம்பஸ் கனெக்ட்’ திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பிறகு அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இதற்கெனத் தனி லேப் வந்தது. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் வந்தது.

ஆக, பாடம் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். வகுப்பில் 60 பேர், ஒரு பீரியட் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஒருவர் பேசக் கிடைப்பது ஒரே ஒரு நிமிடம். நீச்சலை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ள முடியுமா? மீதி நேரத்துக்கு வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் துணை. செலவு, ஒரு சாதாரண ஹெட்செட் மட்டும்.

எங்கள் மாடியில் முதல் விதி: முதலில் தமிழில் பேச வேண்டும். விண்டோஸ் 11-ல் சவுண்ட் ரெக்கார்டர் உள்ளது. ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து, உங்கள் புராஜெக்ட் என்ன என்பதை இரண்டு நிமிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டுப் பாருங்கள். முதல் தடவை எல்லோருக்கும் வெட்கமாக இருக்கும். இது என் குரல்தானா என்று தோன்றும். பரவாயில்லை. தமிழில் குழம்பினால் விஷயமே குழப்பமாக இருக்கிறது என்று பொருள். அதை இங்கிலீஷால் சரி செய்ய முடியாது.

அடுத்து இங்கிலீஷ். நோட்பேட் திறந்து, விண்டோஸ் கீயுடன் ஹெச் கீயைச் சேர்த்து அழுத்தவும். மைக் தோன்றும். நீங்கள் பேசப் பேச கம்ப்யூட்டர் டைப் செய்யும். (இன்டர்நெட் இணைப்பு தேவை. மொழியை ‘இங்கிலீஷ் - இந்தியா’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.) எங்கள் மாணவர் ஒருவர் ‘பேரிங்’ என்று சொன்னதை அது ‘வேரிங்’ என்று அடித்தது. வாக்கியங்களின் கடைசிச் சொல்லை அவர் விழுங்கிவிடுகிறார் என்பதும் திரையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆனால் அது தவறாக அடிப்பதெல்லாம் உங்கள் குற்றம் என்று நினைக்க வேண்டாம். மின்விசிறி சத்தத்திலும் அது தடுமாறும்.

இந்தப் பயிற்சிக்கு இன்னொரு பயனும் உண்டு. பியர்சன் நிறுவனத்தின் வெர்சன்ட் போன்ற தேர்வுகளில் உங்கள் பேச்சுக்கு மார்க் போடுவதே கம்ப்யூட்டர்தான். ஒரு வாக்கியத்தைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு குட்டிக் கதையைக் கேட்டு மீண்டும் சொல்ல வேண்டும். தலையாட்ட எதிரே ஆள் இல்லாமல் மைக்கிடம் பேசிப் பழகாதவர்கள் அங்கே திணறிப்போகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாப்ட்வேரில் உங்கள் பதிவைத் திறந்தால் பேச்சு அலைகளாகத் தெரியும். நீங்கள் நிறுத்திய இடம் தட்டையான கோடு. ‘ம்ம்ம்...’ என்று இழுத்த இடங்களையும் கேட்டுக் கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவும் பேசுவதற்கு. கேட்பதற்குப் பயிற்சி தருவதுதான் கடினம். நாசாவின் ‘மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்தது. ஒரு சாப்ட்வேர் பிரிட்டிஷ் அலகில் கணக்கைக் கொடுத்தது. மறு பக்கம் அதை மெட்ரிக் அலகாக எடுத்துக்கொண்டார்கள். அலகுப் பிழையோடு, குழுக்களுக்கு இடையே தகவல் தொடர்பு சரியில்லை என்பதையும் விசாரணைக் குழு காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. எல்லோரும் கெட்டிக்கார இன்ஜினியர்கள்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ‘பேரிங்’ மாணவரிடமே வருகிறேன். அவர் மெக்கானிக்கல் இறுதியாண்டு. அப்பா ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பிட்டர். மில்லில் ரிங் பிரேமின் பேரிங் சூடானால் சென்சார் கண்டுபிடித்து செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும், இதுதான் புராஜெக்ட். ஸ்லைடுகள் அழகு. இங்கிலீஷும் ஒரு மாதத்தில் தேறிவிட்டது. ஆனால் கேள்வி கேட்டால் மட்டும் முகம் வெளிறிவிடும்.

“யாருக்காகச் செய்தாயோ அவரிடம் சொல்லிக் காட்டு” என்றேன். “அப்பாகிட்டயாண்ணே? அவருக்கு இதெல்லாம் புரியாதுண்ணே” என்றார். வற்புறுத்தி அனுப்பினேன். போன ஞாயிறு மாலை அப்பாவை மாடிக்கே அழைத்து வந்துவிட்டார். லேப்டாப்பைத் திருப்பி வைத்து, தமிழில் பதினைந்து நிமிடம் விளக்கினார். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

“ஏப்பா, மெசேஜ் வரும்ங்கிற. மில்லுக்குள்ள எங்களை போன் கொண்டுபோக விடமாட்டாங்களே. நைட் ஷிப்ட்ல இதை யாரு பாப்பா?”

யாரும் பேசவில்லை. ஆறு மாத வேலை அது. மாணவர் என்னைப் பார்த்தார். எனக்கு 2018 ஞாபகம் வந்தது. பிறகு அவரே நோட்டை எடுத்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். சத்தத்தில் பஸ்ஸர் கேட்குமா? விளக்கு வைத்தால் எந்த உயரத்தில் வைக்க வேண்டும்? பிரேமின் எந்தப் பக்கம் ஆள் அதிகம் நடப்பார்கள்? ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் பதில் இருந்தது.

அடுத்த நாள் திங்கட்கிழமை அவருக்கு இன்டர்வியூ. அன்று இரவு ஒன்பது மணிக்கு எஸ்.எம்.எஸ். ஸ்லைடை எடுத்துவிட்டு, பிரேமின் தலைப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கை வரைந்தோம்.