பழவேற்காடு: பறவையும் பனையோலையும் அழைக்கும் ஊர்

பிள்ளைகளின் பரீட்சை முடிந்துவிட்டால் "எங்கே போகலாம்?" என்ற கேள்வி வீடுதோறும் எழுகிறது. ஆரவாரமும் செலவும் மிகுந்த இடங்களையே மனம் நாடுகிறது. திரும்பி வரும்போது பணப்பை இளைத்திருக்கும். நெஞ்சில் நிற்பதோ ஒன்றுமிராது. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள் என்பதே திருமறையின் தூண்டுதல். அந்த நோக்கோடு புறப்படும் குடும்பத்தாருக்குச் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஊர் காத்திருக்கிறது. அதுவே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு.

ஊரின் பெயர் நம் இடுப்பில்!

வாசகர்களே! இவ்வூரின் பெயரை நீங்கள் அறிந்திராவிட்டாலும், உங்கள் வீட்டு ஆண்கள் அதை உடுத்தியிருக்கக் கூடும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தொழுகைக்குச் செல்லும் ஆண்கள் அணியும் கட்டம்போட்ட கைலிக்குக் 'கைன் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது பழவேற்காட்டின் பெயரே. இத்துறையிலிருந்து கப்பலேறிய சோழமண்டலக் கரைத் துணிகள் கீழ்த்திசை நாடுகளில் அத்துணை புகழ் பெற்றிருந்தன.

அந்த வாணிபமே அயலாரையும் அழைத்து வந்தது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைநகராக இவ்வூர் விளங்கியது. துணி ஏற்றிய கப்பல்களில் மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினர் என்பதும் வரலாறு. இன்று கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. எஞ்சியிருப்பது அவர்களின் கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உலகை ஆள வந்தோர் தங்கள் வாயிலிலேயே எழுதி வைத்துச் சென்ற பாடம் அது!

நிழல் சொல்லும் நேரம்

அரபு நாட்டிலிருந்து கடல்வழி வந்தோரின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்று இவ்வூர் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். இங்குள்ள சின்னப் பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. பிள்ளைகளை அதனருகே நிறுத்தி விளக்குங்கள். உச்சியில் நிழல் மிகக் குறுகி, பின் கிழக்கே சாயத் தொடங்கும்போது ளுஹரின் நேரம் துவங்குகிறது. உச்சிப் பொழுதின் நிழல் நீங்கலாக, ஒரு பொருளின் நிழல் அதன் உயரமளவு ஆகும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர். இருமடங்கு ஆகும்போது ஹனஃபி மத்ஹபின்படி அஸர். புத்தகத்தில் பத்து முறை படித்தும் விளங்காதது, ஒருமுறை கண்ணால் கண்டால் விளங்கிவிடும்.

நீரில் நிற்கும் சாட்சிகள்

ஊரை அடுத்து விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதனைக் கடலிலிருந்து பிரித்து நிற்கிறது. தெற்கே ஆரணியாறு நன்னீரைக் கொண்டு வந்து சேர்க்க, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே புகுகிறது. இரண்டும் கலந்த ஆழமற்ற இந்நீரில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன.

குளிர்காலத்தில் இங்கே பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. அவை உண்ணும் முறையே ஓர் அதிசயம்! வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நீரை உறிஞ்சி, நுண்ணுயிர்களை வடிகட்டி, எஞ்சிய நீரை வெளியேற்றுகின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்தே கிடைப்பது. கூழைக்கடாக்களையும் நாரைகளையும் உடன் காணலாம்.

முகத்துவாரத்தில் கடல் மணலைக் குவித்து அடைத்துவிட்டால் இறால் குறைகிறது. இறால் குறைந்தால் மீனவர் வீட்டில் அடுப்பு தயங்குகிறது. பறவைக்கும் இரை அற்றுப்போகிறது. ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. நல்ல மீன்பிடி இடங்களை வலியவர் வளைத்துக்கொள்ளாதபடி, உரிமை பெற்றோர் முறைவைத்து வலை விரிக்கின்றனர். நீரைப் பங்கிட்டு உண்ணும் இந்த ஒழுங்கைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஓலையில் ஓடும் விரல்கள்

பறவையைக் காண வருவோர் பலர் காணாமலே திரும்பும் செல்வம் ஒன்று இவ்வூர் வீடுகளுக்குள் இருக்கிறது. அது நம் சகோதரிகளின் பனையோலைக் கைவேலை.

பனையின் இளங்குருத்து ஓலையை வெட்டி வந்து, ஈர்க்கை நீக்கி, வெயிலில் உலர்த்துகின்றனர். சாயம் கலந்து கொதிக்கும் நீரில் இட்டு நிறமேற்றுகின்றனர். பிறகு ஒரே அகலமுள்ள மெல்லிய நாடாக்களாகக் கிழித்துப் பின்னத் தொடங்குகின்றனர். மூடியிட்ட பெட்டிகள், கூடைகள், விசிறிகள், சிறு பணப்பைகள் எனப் பலவும் உருவாகின்றன. வரைபடமோ அளவுகோலோ கிடையாது. தாயின் விரல்களைப் பார்த்து மகள் கற்ற கணக்கே கணக்கு. சமையலுக்கும் தொழுகைக்கும் இடையே, வீட்டை விட்டு அகலாமல், ஹலாலான வருவாயை இவர்கள் ஈட்டுகின்றனர். கையுழைப்பின் உணவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வளவு சிறப்பித்தார்கள் என்பதும், தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்டதும் நாம் அறிந்தவையே.

ஆனால் பின்னும் விரல்கள் குறைந்து வருகின்றன. பனையேற ஆளில்லை, ஆகவே குருத்தோலை எளிதில் கிடைப்பதில்லை. கடைத்தெருவில் பிளாஸ்டிக் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. தாய் பெறும் கூலியைக் கண்ட மகள் வேறு வேலை தேடுகிறாள். அவளைக் குறை கூற யாரால் முடியும்? பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. மரத்தைச் சட்டம் காக்கலாம். கைவேலையைக் காப்பது வாங்குவோரின் மனம் ஒன்றே.

விருந்தாளியின் கடமை

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியில் செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு சேரலாம். பறவைகளைக் காணக் கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். செல்வோர் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும்.

முதலாவது, படகு. 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் உல்லாசப் படகு கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் உயிரிழந்தனர். காவல்துறையினரும் ஊராரும் கூடாது என்று சொன்னால் அதை மீறாதீர்கள். பணம் கொடுத்துப் படகோட்டியை இணங்க வைப்பது துணிவு அன்று. உயிரென்னும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். கரையில் நின்றே காணக் கிடைப்பது ஏராளம்.

இரண்டாவது, பறவைகள். கல்லெறிவதும் கூச்சலிட்டுப் பறக்கச் செய்வதும் சிறுவர் விளையாட்டாகத் தோன்றலாம். நெடுந்தொலைவு பறந்து வந்து இரை தேடும் உயிருக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் வலிமை இழப்பே. உணவுப் பொட்டலங்களின் குப்பையை உங்களோடு திரும்ப எடுத்து வாருங்கள்.

மூன்றாவது, கைவேலை செய்யும் வீடுகள். அங்கே உங்கள் வீட்டுப் பெண்கள் ஸலாம் கூறி, இசைவு பெற்று உள்ளே செல்லட்டும். ஆண்கள் பள்ளிவாசலில் காத்திருக்கலாம். கேளாமல் எவரையும் படம் பிடிக்காதீர்கள். பெரிய கடைகளில் ஒட்டியிருக்கும் விலையை வாய்திறவாது கொடுக்கும் நாம், ஓலைப் பெட்டிக்கு மட்டும் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுவது நியாயமா? அந்தப் பத்து ரூபாய் நமக்கு ஒரு தேநீர். அவருக்கோ ஒரு வேளை உலைக்கு அரிசி.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் நிக்காஹ் வீடுகளில் பேரீச்சம்பழமும் கற்கண்டும் பிளாஸ்டிக் பைகளில் வழங்கப்பட்டு, மறுநாளே குப்பைமேட்டைச் சேருகின்றன. அவற்றைச் சிறு ஓலைப் பெட்டிகளில் வழங்கினால் என்ன? முன்கூட்டியே சொல்லி வைத்தால் பல வீடுகள் பகிர்ந்து பின்னித் தரலாம். ஒரு திருமணம் பல அடுப்புகளை எரியச் செய்யும். பெட்டியோ விருந்தினர் வீட்டில் ஆண்டுக்கணக்கில் புழங்கும்.

தர்மம் கொடுத்துத்தான் ஏழைக்கு உதவ வேண்டும் என்பதில்லை. அவர் உழைப்புக்கு உரிய விலையை மனமுவந்து தருவதும் பேருதவியே. அதில் கொடுப்பவருக்குக் கர்வமில்லை; பெறுபவருக்குக் கூச்சமுமில்லை.

வரும் விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், பழவேற்காட்டுக்கு ஒருநாள் ஒதுக்குங்கள். நாம் காணும் பறவையும், கையிலேந்தி வரும் பெட்டியும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் எஞ்சியிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.