ஒன்பது பாண்களும் ஒரு சந்தேகமும்

"இந்தப் பாணப் பாருங்களே, நாளுக்கு நாள் சின்னதாகிட்டுப் போகுது" என்று உம்மா சொல்லாத காலை எங்கள் வீட்டில் இல்லை. சூன் பாண் முச்சக்கர வண்டியில் வரும் நானாவிடம்தான் நாங்கள் தினமும் ஒரு இறாத்தல் பாண் வாங்குகிறோம். முழுப் பாண் ஒன்று 450 கிராம் இருக்க வேண்டும். அன்று உம்மா, தெருப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி எழுதத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார்.

"நிறுத்துப் பாக்காம ஒரு மனிசன்ட தொழில்ல கை வைக்க வாணாம்" என்றார் வாப்பா.

நான் வணிகப் புள்ளிவிபரவியல் படிக்கும் மாணவி. ஆகவே, நிறுக்கும் வேலை என்னிடம் வந்தது.

ஒரு பாணை நிறுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மாவை வெட்டும் கை ஒரே மாதிரி வெட்டாது. போறணையில் ஈரம் ஒரே அளவாய் வற்றாது. ஒரு பாண் 440, மற்றொன்று 460 கிராம் இருப்பது இயல்பு. எங்கள் கேள்வி, அவர் விற்கும் எல்லாப் பாண்களினதும் சராசரி நிறை 450 கிராம்தானா என்பதே. அந்த எல்லாப் பாண்களும் சேர்ந்ததைக் குடித்தொகை என்றும், அதன் சராசரியைக் குடித்தொகை இடை என்றும் சொல்வோம். அத்தனை பாண்களையும் நிறுக்க எவராலும் முடியாது. ஒரு மாதிரியை எடுத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

நிறுக்கத் தொடங்குமுன் அப்பியாசக் கொப்பியில் இரண்டு கூற்றுகளை எழுதினேன். முதலாவது, "சராசரி 450 கிராம்." இது சூனியக் கருதுகோள். இரண்டாவது, "சராசரி 450 கிராமிலும் குறைவு." இது மாற்றுக் கருதுகோள்.

"அவர் சரியெண்டு ஏன் தொடங்கணும்?" என்று உம்மா கேட்டார்.

நீதிமன்றத்திலும் அப்படித்தான். குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி என்றே விசாரணை தொடங்கும். சான்றைக் காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டுபவருடையது. சான்று எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். நான் 5 சதவீதம் என்று எழுதினேன். அதாவது, அவருடைய சராசரி உண்மையில் 450 ஆக இருந்தும் நான் அவரைக் குறை சொல்லிவிடும் வாய்ப்பு நூற்றில் ஐந்து. இதுதான் பொருண்மை மட்டம். நிறுத்த பின் இதை மாற்றினால், அது விளையாட்டு முடிந்த பிறகு கோல் கம்பத்தை நகர்த்துவது போலாகும்.

ஒன்பது நாட்கள், வாங்கியவுடனேயே, உம்மா கேக்குக்கு மா நிறுக்கும் இலத்திரனியல் தராசில் நிறுத்தேன். 441, 459, 436, 429, 464, 445, 434, 452, 436. கூட்டினால் 3996; ஒன்பதால் வகுத்தால் 444 கிராம்.

"பாத்தியா, ஆறு கிராம் குறைவு!" என்றார் உம்மா.

ஆறு கிராம் குறைவுதான். ஆனால் நேர்மையான வியாபாரியிடம் வாங்கும் ஒன்பது பாண்களிலும் இப்படி ஒரு குறைவு தற்செயலாய் வரலாமே? அதை அறிய, பாண்களின் நிறைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்க வேண்டும். இந்த ஒன்பதின் நியம விலகல் 12 கிராம். அதை ஒன்பதின் வர்க்கமூலமான 3ஆல் வகுத்தால் 4 கிராம். இது நியம வழு: ஒன்பது பாண்களின் சராசரி, உண்மைச் சராசரியிலிருந்து சாதாரணமாக விலகக்கூடிய அளவு. எங்கள் குறைவு 6, வழு 4. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.5, குறைவு என்பதால் சய 1.5.

இதை ஒப்பிட ஓர் அட்டவணை இருக்கிறது. சிறிய மாதிரிகளுக்கான இந்த வழியை 1908இல் வெளியிட்டவர் வில்லியம் கொசெட். டப்ளினில் கின்னஸ் வடிசாலையில் பணிபுரிந்த அவர், தன் பெயரை மறைத்து "ஸ்டுடன்ட்", அதாவது "மாணவர்" என்ற புனைபெயரில் எழுதினார். நாம் பயன்படுத்தும் ரி-பரம்பல் இன்றும் அந்த மாணவரின் பெயராலேயே வழங்குகிறது. நிறைகள் ஏறத்தாழச் செவ்வன் பரம்பலில் அமைந்தால் இது பொருந்தும்.

ஒன்பது பாண்களுக்கு, ஒன்று குறைத்து, 8ஆம் நிரையைப் பார்த்தேன். 5 சதவீதத்திற்கான எல்லை சய 1.860. எங்கள் சய 1.5 அந்த எல்லையைத் தாண்டவில்லை. சராசரி உண்மையில் 450 ஆக இருந்தாலும், இப்படி ஒன்பது பாண்களை எடுக்கும்போது நூற்றில் எட்டு, ஒன்பது தடவைகள் 444 அல்லது அதிலும் குறைவு வரும். ஆகவே சூனியக் கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை.

"அப்ப அவர் சரியான ஆளா?" என்று உம்மா கேட்டார். அதுவும் நிரூபணமாகவில்லை. சான்று போதவில்லை என்பது மட்டுமே முடிவு. சரியானவரைக் குற்றவாளியாக்குவது முதலாம் வகை வழு. உண்மையான குறையைக் காணாமல் விடுவது இரண்டாம் வகை வழு. ஒன்பது பாண் போன்ற சிறிய மாதிரியில் இரண்டாவது எளிதில் நேரும். இதே 444உம் இதே 12உம் 25 பாண்களில் கிடைத்திருந்தால் நியம வழு 2.4 ஆகவும், விடை சய 2.5 ஆகவும் இருந்திருக்கும். அங்கே எல்லை சய 1.711. அப்போது நிராகரித்திருப்பேன்.

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரை ஸூரத்துல் முதஃப்பிஃபீன் கண்டிக்கிறது. அதிகமான சந்தேகங்களைத் தவிர்க்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கைக்கொள்வது எப்படி என்பதை இந்த ஒன்பது பாண்களே எனக்கு விளக்கின.

பழைய ஒன்பதையும் சேர்க்காமல், புதிதாக 25 பாண்களை நிறுக்கத் தொடங்கியிருக்கிறேன். இன்று பதினான்காவது. உம்மா இன்னும் எதுவும் எழுதவில்லை. காலையில் சூன் பாண் சத்தம் கேட்டதும், தராசை எடுத்து வைப்பவரும் இப்போது அவர்தான்.