வாதியே வக்கீல்

மும்பை உயர் நீதிமன்றத்தின் மத்திய நீதிமன்ற அறைக்கு வெளியே ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1908-ல் ராஜதுரோக வழக்கில் தனக்காகத் தானே வாதாடிய திலகர், தண்டனைக்கு முன் சொன்ன வார்த்தைகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 21 மணி நேரத்துக்கும் மேல் வாதாடியும் கிடைத்தது ஆறு ஆண்டு நாடு கடத்தல்.

திலகர் சட்டம் படித்தவர். தாராவியில் வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வாங்கிய தொழிலாளியோ, செம்பூரில் ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணோ கறுப்புக் கோட்டின் துணையில்லாமல் கோர்ட் படியேற முடியுமா?

தாராளமாக முடியும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 3-வது ஆணையே வழக்காளி நேரில் ஆஜராக இடம் தருகிறது. குடும்ப நீதிமன்றத்தில் ஒரு படி மேல்: 1984 சட்டப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோர முடியாது, அனுமதி பெறவேண்டும். நுகர்வோர் வழக்கில் வக்கீல் அல்லாத ஒருவரையும் பிரதிநிதியாக அனுப்பலாம். தெற்கு மும்பை மன்றத்தில் கிளம்பிய இந்தச் சர்ச்சையை உச்ச நீதிமன்றம் 2011-ல் தீர்த்துவைத்தது. மற்ற கோர்ட்டுகளில் விவரம் தெரிந்த நண்பரைப் பேசவைக்க நீதிபதியின் அனுமதி தேவை என்பது 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தந்த தீர்ப்பு.

உயர் நீதிமன்றத்தில் கெடுபிடி அதிகம். 2015-ல் வந்த விதிகளின்படி, ஏன் வக்கீல் வைக்கவில்லை என்று எழுதித்தர வேண்டும். கோர்ட்டுக்கு உதவும் திறன் இருக்கிறதா என்று அதிகாரிகள் குழு பரிசீலிக்கும். நடவடிக்கைகளோ ஆங்கிலத்தில். தமிழ் மட்டும் தெரிந்தவர் திணறிப்போவார்.

கீழ்க் கோர்ட்டுகளில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் காலண்டர்தான். சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் பதில் மனு தாக்கல் செய்யவேண்டும். சம்மனைப் பெட்டியில் பூட்டிவைத்தால் எதிர்த்தரப்பு சொல்வதை மட்டும் கேட்டே தீர்ப்பாகிவிடலாம். இன்னொரு பள்ளம் சாட்சியம். இருபது வருஷம் குடியிருந்தது ஊருக்கே தெரியும். நீதிபதிக்கு ரேஷன் கார்டும் வாடகை ரசீதும் வேண்டும். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது அதைவிடக் கஷ்டம். ஆவேசமாகப் பேசுகிறவர் கேள்வி கேட்க மறந்துவிடுவார்.

பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தனியாக நிற்கிறவர்கள் முதலில் தட்டவேண்டிய கதவு, கோர்ட் வளாகத்திலேயே உள்ள சட்டப் பணிகள் அலுவலகம். 1987 சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு. தாராவியின் தோல் பட்டறைகளிலும் சந்துகளிலும் இந்தப் பட்டியலில் வராத குடும்பங்கள் குறைவு. தானே வாதாடுவது உரிமை. வேறு வழியில்லை என்று நினைத்து வாதாடுவது, பல சமயம், தகவல் தெரியாததால் வந்த வினை.