புள்ளி போட்ட பொய்

வெளியூருக்குக் கிளம்பும் பிள்ளைகள் அம்மாவிடம் சொல்கிற பொய்களுக்குத் தனி மன்னிப்பு உண்டு. 'ரூம் நல்லாத்தாம்மா இருக்கு', 'வேளாவேளைக்குச் சாப்பிடறேன்', 'பொங்கலுக்குக் கட்டாயம் வந்துடுவேன்'... நானும் சொல்லியிருக்கிறேன். பி.காம். முடித்து முதல் வேலைக்குப் போன புதிதில், ரெண்டு பன்னும் ஒரு டீயும்தான் ராத்திரிச் சாப்பாடு. போனில் மட்டும் சாம்பார், ரசம், உருளைக்கிழங்குக் கறி என்று முழு மெனுவும் வாசிப்பேன். அம்மா நம்பினாளா என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவில் ஒருத்தர் சொன்ன பொய் இதைவிடக் கொஞ்சம் பெரிசு.

1957-ல், 21 வயதில், லூசியானா மாநிலத்திலிருந்து சிகாகோவுக்கு ரயிலேறப் போகிற பிள்ளை, பக்கவாதத்தில் முடங்கிப்போன அம்மாவைத் தேற்ற வேண்டும். என்ன சொல்வது? கை நிறையச் சம்பாதிப்பேன், உனக்குப் பணம் அனுப்புவேன், உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் அடித்த காடிலாக் காரில் வந்து வாசலில் இறங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காடிலாக் என்பது அந்த நாளில் பணக்காரர்களின் படகுக் கார். அதில் புள்ளி போட்டு எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. பிள்ளைக்கும் அது தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும்.

அந்தப் பிள்ளையின் பெயர் பட்டி கை. (தமிழில் எழுதினால் இப்படித்தான் வந்து விழுகிறது, என்ன செய்ய! பொருத்தம் என்னவோ பிரமாதம். உலகத்துக் கிடார்க்காரர்களில் பாதிப் பேர் அந்தக் கையைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.) 2025 ஜூலை 30 அன்று, தன் 89-வது பிறந்தநாளுக்கு, ஒரு புது ஆல்பம் வெளியிட்டார் மனிதர். தலைப்பு 'எய்ன்ட் டன் வித் த ப்ளூஸ்'. 'ப்ளூஸை நான் இன்னும் முடிச்சுக்கலை' என்று அர்த்தம். மொத்தம் 18 பாட்டு. அந்த வயதில் நம்மில் பலர் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்போம்!

'ப்ளூஸ்னா என்ன சார்?' என்பவர்களுக்காக ஒரே ஒரு பாரா. அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், பருத்திக்காட்டில் பாடுபட்ட கறுப்பின மக்களின் பாட்டு அது. அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்த பிறகும் ஒழியாத கஷ்டங்களிலிருந்து பிறந்தது. இலக்கணம் ரொம்பச் சின்னது. மூன்றே மூன்று கார்டு. ஒரு வரியைச் சொல்லு. அதையே மறுபடி சொல்லு. மூன்றாவது வரியில் பதில் சொல்லு. அவ்வளவுதான். ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம், ஒழுங்காக வாசிக்க ஆயுசு போதாது. சூட்சுமம், ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கிற சந்துபொந்துகளில் இருக்கிறது. வீணையில் கம்பியை இழுத்து கமகம் பிடிக்கிற மாதிரி, கிடார் கம்பியை விரலால் தள்ளி ஸ்வரத்தை அழவைப்பார்கள். அதற்காக எல்லாமே அழுகைப் பாட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். குறும்பும் குத்தலும் ஏராளம்.

பட்டி பிறந்த ஊர் லெட்ஸ்வொர்த், வருஷம் 1936. அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்கு உழைக்கிற குடும்பம். வீட்டில் கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது. பையனும் பருத்தி எடுத்தான். 100 பவுண்டு எடுத்தால் கூலி இரண்டரை டாலர்.

பாட்டு ஆசை மட்டும் எப்படியோ தொற்றிக்கொண்டது. கிடாருக்கு எங்கே போவது? ஜன்னலில் கொசு வராமலிருக்க அடித்திருந்த வலையிலிருந்து கம்பியை உருவினான். கட்டி இழுத்து மீட்டினான். வீட்டுக்குள் இவ்வளவு கொசு எங்கேயிருந்து வருகிறது என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்! பிறகு அப்பா ஒரு பழைய, இரண்டே கம்பி கிடாரை வாங்கிக் கொடுத்தார். அதில் பையனுக்கு முதன்முதலாகப் பிடிபட்டது ஜான் லீ ஹூக்கரின் 'பூகி சில்லன்'. அந்த நன்றி இன்னும் தீரவில்லை. புது ஆல்பத்தின் முதல் துண்டுக்குப் பெயர் 'ஹூக்கர் திங்'.

பேட்டன் ரூஜ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் துப்புரவு, எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1957 செப்டம்பர் 25-ல் சிகாகோ வந்து இறங்கினார். தேதியை இன்றுவரை இரண்டாவது பிறந்தநாள் மாதிரி நினைவு வைத்திருக்கிறார். வேலை கிடைக்கவில்லை. கையிலிருந்த காசு கரைந்தது. பட்டினி. ஊருக்கே திரும்பிவிடலாம் என்கிற நிலைமையில், ஒருநாள் ராத்திரி ஒரு கிளப்பில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தது. வாசித்ததைக் கேள்விப்பட்டு வந்தார் ஒரு பெரிய மனிதர்: மடி வாட்டர்ஸ். சிகாகோ ப்ளூஸுக்கு அவர்தான் ராஜா. பையனைத் தன் காரில் உட்காரவைத்து, சலாமி வைத்த சாண்ட்விச்சைக் கையில் கொடுத்து, 'ஊருக்குப் போகிற பேச்சே கூடாது' என்கிற ரீதியில் சொல்லிவிட்டார்.

பி.காம். புத்தி எனக்கு. எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்றுதான் தோன்றும். பட்டியின் கணக்குப் புத்தகத்தில் முதல் கடன், அம்மாவுக்கு ஒரு கார். இரண்டாவது கடன், இந்த சாண்ட்விச்.

அடுத்தது செஸ் ரெக்கார்ட்ஸ். போலந்திலிருந்து பிழைக்க வந்த செஸ் சகோதரர்கள் நடத்திய கம்பெனி. பட்டி அங்கே சேர்ந்தார். ஆனால் மேடையில் அவர் வாசிக்கிற மாதிரி ரிக்கார்டில் வாசிக்க விடவில்லை. சத்தத்தை ஏற்றி, ஆம்ப்ளிஃபயரை அலறவிட்டு, கம்பியை முறுக்கி அவர் வாசிப்பது முதலாளி லெனர்ட் செஸ்ஸின் காதுக்கு வெறும் இரைச்சல். 'அடுத்தவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசி' என்று வைத்துக்கொண்டார்கள். வாசித்தார். மடி வாட்டர்ஸுக்கு, ஹவ்லிங் வுல்ஃபுக்கு, கோகோ டெய்லருக்கு. பிழைப்புக்குப் பகலில், ரிப்பேரான கார்களை இழுத்துப் போகிற டோ டிரக் ஓட்டினார், 1967 வரைக்கும்.

மேடையில் அவர் வேறு ஆள். கிடார் ஸ்லிம் என்பவரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை: கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே நூறு அடிக்கும் மேலே நீளமான ஒயர்! வாசித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்குவார், டேபிள்களுக்கு நடுவே நடப்பார், கதவைத் திறந்து தெருவுக்கே போய்விடுவார். உள்ளே சங்கீதம் கேட்டுக்கொண்டே இருக்கும், வித்வானைக் காணோம்!

1965-ல் ஜூனியர் வெல்ஸ் என்கிற ஹார்மோனிகாக்காரருடன் வேறொரு கம்பெனியில் ஒரு ஆல்பம் வாசித்தார். செஸ்ஸுடன் ஒப்பந்தம் இருந்ததால் பெயர் போட முடியாது. பட்டி என்றால் சிநேகிதன், கை என்றால் ஆசாமி. ஆகவே அட்டையில் 'ஃபிரெண்ட்லி சாப்', அதாவது 'சிநேகித ஆசாமி' என்று அச்சடித்துவிட்டார்கள். பினாமி என்பது நம் ஊர்ச் சொத்து மட்டும் இல்லை.

செஸ்ஸுக்கு இரைச்சலாகப் பட்டது, கடல் தாண்டி சங்கீதமாகக் கேட்டது. அதே வருஷம் லண்டன் போய் வாசித்தார். கூட்டத்தில் எரிக் கிளாப்டன் என்கிற இளைஞர். மூன்று பேர் சேர்ந்தாலே இவ்வளவு செய்யலாமா என்று அன்றைக்குத் தோன்றியதுதான் பின்னால் 'க்ரீம்' என்கிற புகழ்பெற்ற குழுவாயிற்று. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1968-ல் இவர் கச்சேரிக்கு டேப் ரிக்கார்டரோடு வந்து உட்கார்ந்தார். அந்த இரைச்சல் மற்றவர்கள் கையில் லட்சக்கணக்கில் விற்க ஆரம்பித்ததும், லெனர்ட் செஸ் இவரைக் கூப்பிட்டனுப்பி, திரும்பிக் குனிந்து நின்று, 'என்னை ஒரு உதை விடு' என்றாராம். பட்டியே சிரித்துக்கொண்டு சொல்கிற கதை.

உதை விடவில்லை. விட்டிருந்தாலும் போன வருஷங்கள் திரும்பி வராது.

அதே 1968-ல் அம்மா போய்விட்டாள். மகன் மேடையில் வாசிப்பதை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. புள்ளி போட்ட காடிலாக்கும் வரவில்லை.

பட்டியின் கிடாரைக் கவனித்திருக்கிறீர்களா? கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள். சட்டையிலும் புள்ளி. அவருக்கென்றே ஃபெண்டர் கம்பெனி புள்ளி போட்ட கிடார் செய்து விற்றது. ஏதோ ஸ்டைல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்ன பொய்க்காக என்று பிறகுதான் படித்தேன். வாங்க முடியாத காரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்.

இரண்டாவது கடன்காரர் மடி வாட்டர்ஸ். 1983-ல் அவர் காலமாவதற்கு முன்னால் பட்டியிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: ப்ளூஸை சாகவிடாதே. கேட்ட நேரம்தான் மோசம். எண்பதுகளில் பட்டிக்கு அமெரிக்காவில் ரிக்கார்டு போட ஆளே இல்லை. மனிதர் அசரவில்லை. 1989-ல் சிகாகோவில் 'லெஜண்ட்ஸ்' என்று சொந்தமாக ஒரு கிளப் திறந்தார். 1991-ல் 'டாம் ரைட், ஐ'வ் காட் த ப்ளூஸ்' வெளிவந்தது. அதற்கு கிராமி. மற்றவர்கள் ரிடையர்மென்ட் படிவம் நிரப்ப யோசிக்கிற ஐம்பத்தைந்து வயதில், இவருக்கு வாழ்க்கை ஆரம்பித்தது!

பிறகு மாலைகள் வரிசையாக விழுந்தன. 2005-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம். சேர்த்துவைத்தவர்கள் பி.பி. கிங்கும், அன்றைக்கு லண்டனில் வாய்பிளந்து பார்த்த அதே கிளாப்டனும். 2012-ல் வெள்ளை மாளிகைக் கச்சேரியில், ஜனாதிபதி ஒபாமாவையே உசுப்பி இரண்டு வரி பாடவைத்தார். 2015-ல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி. அதே வருஷம் பி.பி. கிங்கும் போய்விட்டார். ஹவ்லிங் வுல்ஃப், ஜூனியர் வெல்ஸ், ஹூக்கர் எல்லாரும் அதற்கு முன்பே போயாயிற்று. பந்தி முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு, இலையை மூடாமல் உட்கார்ந்திருக்கிற கடைசி ஆள் மாதிரி பட்டி.

இந்தப் பின்னணியோடு புது ஆல்பத்தைக் கேட்டால் சங்கதியே வேறு. புதுப்பாதை எதுவும் போடவில்லை. 18 பாட்டில் நாலைந்தைக் குறைத்திருக்கலாம் என்றும் தோன்றியது. ஆனால் கம்பியை அவர் கடிக்கிற கடி குறையவில்லை. ஜோ வால்ஷ், பீட்டர் ஃபிராம்ப்டன், ஜோ போனமாசா என்று விருந்தாளிகள் வந்து போகிறார்கள். பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமாவோடு ஒரு பக்திப் பாட்டு. 'லவ் ஆன் எ பட்ஜெட்' என்று ஒரு பாட்டு; தலைப்பைப் பார்த்ததும் காமர்ஸ்காரன் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. பட்ஜெட் போடாமல் காதலித்தவர்கள் கதியெல்லாம் பார்த்தவன் நான்.

முக்கியமான விருந்தாளி, கிங்ஃபிஷ் இங்கிராம். 1999-ல் மிசிசிப்பியில் பிறந்த பையன். இருவருக்கும் 63 வருஷ வித்தியாசம். கிழவரும் பையனும் 'வேர் யூ அட்' பாட்டில் மாற்றி மாற்றி வாசிக்கும்போது, மடியின் சாண்ட்விச் கைமாறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த வருஷம் ஏப்ரலில் வந்த 'சின்னர்ஸ்' படம் பார்த்திருந்தால், கடைசியில் கிழட்டுக் கிடார்க்காரராக வருகிறாரே, அதுவும் இவர்தான்.

இரண்டாவது கடன் அடைந்தது என்று நான் தைரியமாகக் கையெழுத்துப் போடுவேன்.

முதல் கடன்? 2018-ல் லூசியானா அரசு, லெட்ஸ்வொர்த் பக்கம் போகிற ஒரு நெடுஞ்சாலைக்கு 'பட்டி கை வே' என்று பெயர் வைத்தது. கார்தான் வரவில்லை, கார் வரவேண்டிய ரோடே பிள்ளையின் பெயரில் இருக்கிறது. அம்மாக்களின் கணக்கில் இதை வரவு வைப்பார்களா, தெரியாது. என் அம்மாவாக இருந்தால், 'ரோடெல்லாம் இருக்கட்டும், நீ எப்ப வரே?' என்பாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. அம்மாதான்.

''சாப்பிட்டியாடா?''

''ஆச்சும்மா. சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு...''

மணி ராத்திரி பத்தரை. இனிமேல்தான் கீழே இறங்கி, பன் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.