போட்ட முதல் எப்போது திரும்பும்?

மான்குர்த்தில் தையல் மிஷின் வாங்குபவர் விலையை மட்டுமா பார்ப்பார்? போட்ட முதல் எத்தனை நாளில் திரும்பும் என்றும் பார்ப்பார்.

‘குக்கி கிளிக்கர்’ என்ற விளையாட்டிலும் இதே கணக்குதான். இது 2013-இல் இணையத்தில் வந்தது. பிஸ்கட் படத்தைத் தட்டினால் ஒரு பிஸ்கட் சேரும். சேர்ந்ததைக் கொடுத்து ஆள் வைக்கலாம். பிறகு தட்டாமலே சேரும்.

‘விரல்’ விலை 15 பிஸ்கட். 10 நொடிக்கு ஒன்று தரும். முதல் திரும்ப 150 நொடி ஆகும். ‘பாட்டி’ விலை 100. நொடிக்கு ஒன்று சுடுவார். 100 நொடியில் முதல் வந்துவிடும். பாட்டியே லாபம். 100 சேரும்வரை தட்டித் தட்டிக் கை வலிக்கும், அதுதான் பாடு.

வாங்க வாங்க விலை ஏறும். இரண்டாம் பாட்டி 115, மூன்றாம் பாட்டி 133, நான்காம் பாட்டி 153. அப்போது ‘பண்ணை’யைப் பாருங்கள். விலை 1100. நொடிக்கு 8 தரும். முதல் எத்தனை நொடியில் திரும்பும்? வகுத்துப் பாருங்கள்.