காலி மேசைக்கும் வாடகை உண்டு

பினாங்கின் மாக் மண்டினில் கடைவீட்டு மாடி ஒன்றைப் பிடித்து ஸ்னூக்கர் நிலையம் போட நினைப்பவர், மேசை விலை கேட்பதற்கு முன் அளவு நாடாவைக் கையில் எடுக்க வேண்டும். முழு அளவு ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். ஆடுபவரின் கியூ ஏறத்தாழ 5 அடி. அது சுவரில் இடிக்காமல் நாலு பக்கமும் இழுத்து அடிக்க இடம் விட்டால், ஒரு மேசை 22க்கு 16 என்று 352 சதுர அடியை விழுங்கிவிடும். 9 அடி பூல் மேசைக்கு 18க்கு 14, அதாவது 252 சதுர அடி போதும். மூன்று ஸ்னூக்கர் மேசை நிற்கும் இடத்தில் நான்கு பூல் மேசை நின்றுவிடும். வீட்டுக்காரர் வாடகை கேட்பது சதுர அடிக்குத்தான்.

மாடியாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது ஸ்லேட் கல், ஐந்து பலகைகள். மரச்சட்டத்தோடு சேர்த்து முழு மேசை ஒரு டன்னைத் தாண்டும். தளம் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் கேட்டுக்கொள்வது, பிறகு கீழ்வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்குவதைவிட மலிவு.

பெரிய மேசை பணம் பண்ணாததற்கு இடம் மட்டும் காரணமில்லை. புதிதாக வருபவர் 12 அடி மேசையில் ஒரு சிவப்புப் பந்தைக் குழியில் தள்ளுவதற்குள் கையும் மனமும் சோர்ந்துபோகும். கைவராத இருவர் ஒரு ஆட்டத்தை முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். பூலில் மேசை சிறியது, குழி தாராளமானது, ஆட்டம் சில நிமிடங்களில் முடியும். தோற்றவர் உடனே அடுத்ததற்கு அடுக்கச் சொல்வார். நண்பர் கூட்டம், காதலர்கள், பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் எல்லாரும் பூல் மேசையைத் தேடுவது அதனால்தான். ஒன்றிரண்டு பெரிய மேசையாவது வைத்திருப்பவரை ஏமாளி என்று சொல்லிவிடவும் முடியாது. வாரத்தில் நான்கு நாள் தவறாமல் வருபவர் பெரும்பாலும் ஸ்னூக்கர்காரர்தான்.

இந்தத் தொழிலின் சரக்கு நேரம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஆறு மேசை, நண்பகல் முதல் நள்ளிரவு வரை என்றால் நாளுக்கு 72 மேசை மணி. மணிக்கு 15 வெள்ளி வீதம் 25 மணி விற்றால் 375 வெள்ளி, மாதத்துக்கு 11,250. மீதி 47 மணி போனது போனதுதான். விற்காத மைலோ டின்னை நாளைக்கு விற்கலாம், விற்காத செவ்வாய்க்கிழமை மூன்று மணியை விற்க முடியாது.

செலவோ நிற்பதில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,500இலிருந்து 1,700 வெள்ளியானது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்களுக்கு 2025 பிப்ரவரியில், அதைவிடச் சிறிய கடைகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில். இரண்டு ஆட்கள் என்றால் மேற்சொன்ன வருமானத்தில் 3,400 அங்கேயே போகிறது. 2025 ஜூலை 1 முதல் மின்கட்டண முறையும் மாறியது. நேரத்துக்கேற்ற கட்டணத்தில் வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உச்ச நேரம். வார இறுதி முழுக்கக் குறைந்த கட்டணம். கூட்டம் சனி ஞாயிறில் என்றால் லாபம். ஆனால் குளிர்சாதனத்தை நிறுத்திவைக்க முடியாது. மேசைத் துணி கம்பளி. பினாங்கின் ஈரக்காற்றை உறிஞ்சினால் பந்து சேற்றில் உருள்வதுபோல் உருளும், பழைய ஆட்டக்காரர் முகம் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

2020 மார்ச் 18இல் கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்தக் கணக்கின் கொடுமை வெளிச்சமானது. கதவு மூடியிருந்தது, வாடகைக்கு அது தெரியவில்லை.

அப்படியானால் லாபம் எங்கே? செத்த நேரத்தில். மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பகுதி. காலை ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வெளியே வருபவருக்கு வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் கையில் இருக்கும். அவருக்கு ஆறு மணி வரை பாதிக் கட்டணம் என்றால், சும்மா கிடக்கும் மேசை பாதியாவது சம்பாதிக்கும். இன்னொரு வழி லீக். 1979இல் அமெரிக்காவில் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் தொடங்கிய பூல் லீக், திறமைக்கேற்ப இலக்கைக் கூட்டிக் குறைத்தது. கற்றுக்குட்டியும் கில்லாடியை வெல்லலாம் என்றானதும், வாராவாரம் அதே நாளில் அதே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செவ்வாய் இரவு நாலு அணி வந்தால் மேசைக்காசைவிடத் தே தாரிக், மீ கோரெங் காசு கூடுதலாக நிற்கும்.

அலையை நம்பிக் கடன் வாங்கியவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம் அடிபட்டவர்கள். அமெரிக்காவில் 1961இல் 'தி ஹஸ்லர்' படம் வந்ததும் பூல் கூடங்கள் முளைத்தன, பிறகு வாடின. 1986இல் அதன் தொடர்ச்சியாக 'தி கலர் ஆஃப் மணி' வந்ததும் மறுபடி ஒரு சுற்று. பிரிட்டனில் 1985 உலக ஸ்னூக்கர் இறுதியாட்டத்தை நள்ளிரவு தாண்டியும் 1.85 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்தக் காய்ச்சலும் தணிந்தது. 2025 மே மாதம் சீனாவின் ஜாவோ ஷின்டோங் தொழில்முறை ஸ்னூக்கர் உலகப் பட்டம் வென்ற முதல் ஆசியரானார். அதைப் பார்த்துவிட்டுப் பையன்கள் வருவார்கள். எத்தனை மாதத்துக்கு வருவார்கள் என்று பார்த்துத்தான் ஏழாவது மேசையை வாங்க வேண்டும்.

கெட்ட பெயரும் ஒரு செலவுக் கணக்குதான். கறுப்புக் கண்ணாடி, குறுகிய மாடிப்படி, உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத இருட்டு என்றால், பெண்களும் குடும்பங்களும் படியேறமாட்டார்கள். பந்தயக் காசு கை மாறினால் 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம் இருக்கிறது. பள்ளிச் சீருடையோடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்பாதவர் தன் உரிமத்தை வைத்து விளையாடுகிறார். வெளிச்சமான முகப்பும் சுத்தமான கழிப்பறையும் விளம்பரப் பலகையைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

"ஸ்னூக்கரா? உருப்பட்ட மாதிரிதான்" என்று தலையில் அடித்துக்கொள்ளும் அம்மாக்களுக்கு ஒரு தகவல். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி கண்டுபிடித்த ஆட்டம் இது. அதே பெயரில் பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு ஆள். அதன் விதிகள் எழுத்தில் ஒழுங்கானது 1882இல், நம் ஊட்டி கிளப்பில். மேசை விளிம்பில் பந்தைத் திருப்பி அனுப்புவதோ ரப்பர். தோட்டத்தில் பால் மரம் சீவிய தாத்தாக்களின் பேரன் அந்த விளிம்பில் கை ஊன்றிக் குறி பார்க்கிறான், மணிக்கு இத்தனை வெள்ளி என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.